சவரியம்மாளின் நாக்கு

மரக்காணம் உப்பளத்தில் சவரியம்மாளின் நாக்குக்குத் தனி மரியாதை உண்டு. தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்க்க மேஸ்திரி செல்லப்பன் ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருந்தார். ஆனால் தேக்கி வைத்த கடல் தண்ணீரை உப்பு விளையும் பாத்திக்குத் திறந்துவிடலாமா, இன்னும் ரெண்டு நாள் வெயிலில் காயட்டுமா என்று சந்தேகம் வந்தால் அந்தக் குழாயை அவர் நம்ப மாட்டார். "சவரி, வாயில வெச்சுப் பாரு" என்பார். அவள் சுண்டுவிரலை நனைத்து நாக்கு நுனியில் வைப்பாள். ஒரு கணம் கண்ணை மூடுவாள். "நாளைக்குத் தொறங்க" என்பாள். மறுநாள்தான் திறப்பார்கள்.

பன்னிரண்டு வயதில் அம்மாவோடு உப்பு வார வந்தவள். இப்போது நாற்பத்து மூன்று. இத்தனை வருஷத்தில் அந்த நாக்கு தப்பியதே இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஏன் இருக்கக்கூடாது? படிப்பில்லை, நிலமில்லை, பிள்ளையும் பிறக்கவில்லை. ஆண்டவர் கொடுத்ததில் மெச்சிக்கொள்ளும்படி இருந்தது அது ஒன்றுதான்.

புருஷன் மரியதாஸ் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவன். கை நீட்டுகிற ஆள் இல்லை, ஆனால் சோற்றில் கோபக்காரன். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் குறைந்தாலும் தட்டு வாசலுக்குப் பறக்கும். "ஊருக்கே நாக்கு குடுக்கிறவ, புருஷனுக்கு இன்னாடி ஆக்கி வெச்சிருக்கே?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவான். அவளும் விட மாட்டாள். அரை மணி நேரம் அந்தத் தெருவுக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படாது. அப்புறம் அவளே தட்டைப் பொறுக்கிக் கழுவி மறுபடி போடுவாள், அவன் சாப்பிடுவான்.

அப்படிப்பட்டவனுக்கு ரெண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்று 2004-இல் சொன்னார்கள். வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணப் பாண்டிச்சேரிக்குப் போய் வந்து ஆள் கருவாடாகக் காய்ந்தான். கடைசியில் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்து, சவரியம்மாளின் ரத்தம் ஒத்துப்போகிறது என்றார்கள். டாக்டரம்மா பேசி முடிப்பதற்குள் "எடுத்துக்கோங்க" என்றாள் அவள். 2005 செப்டம்பரில் ஆபரேஷன் நடந்தது. அவளுடைய ஒரு கிட்னி அவன் வயிற்றுக்குள் குடிபோனது.

பயம் அதுக்கப்புறம்தான் வந்தது. ஆபரேஷன் மேஜையில் படுக்கும்போதுகூட அவள் பயப்படவில்லை. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்ன விஷயம்தான் அதைக் கொண்டுவந்தது.

"உள்ள வெச்சிருக்கிறது அவரோடது இல்லம்மா. உடம்பு அதை வேத்தாளா நெனைச்சுத் தொரத்தப் பார்க்கும். தொரத்தாம இருக்கத்தான் இந்த மாத்திரைங்க. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது."

"இருபத்திரெண்டு வருஷமா கூடவே குடித்தனம் பண்றேங்க. இன்னுமா நான் வேத்தாளு?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சவரியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாத்திரைகளால் நோயை எதிர்க்கிற சக்தி அடங்கியிருக்கும், யாருக்காவது ஜலதோஷம் என்றாலும் அவனுக்கு ஆபத்து, கூட்டத்தில் போகக்கூடாது, காய்ச்சிய தண்ணீர்தான், உப்பு குறைக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். காய்ச்சல் வந்தாலோ, மூத்திரம் குறைந்தாலோ, ஒரே நாளில் எடை ஒரு கிலோ ஏறினாலோ உடனே பஸ் ஏற வேண்டும். இந்தக் கிட்னியும் போனால் கொடுப்பதற்கு அவளிடம் இன்னொன்று இல்லை. அதை யாரும் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

"உப்புன்னா எவ்ளோங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"வாயில வெச்சா லேசாத் தெரியணும். அவ்ளோதான்."

அது அவளுக்குச் சுலபம். நாக்கு இருக்கும்போது என்ன கவலை?

நவம்பர் கடைசியில் ஊருக்கு வந்தார்கள். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. உப்பளம் முழுக்க வெள்ளக்காடு, எல்லோருக்கும் வேலை இல்லை. வேலை இல்லாத சனம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவனைப் பார்க்க வராமல் இருக்குமா? சவரியம்மாள் வாசலிலேயே துண்டை வாயில் கட்டிக்கொண்டு நின்றாள். ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. சொந்தக்காரர்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டாள்.

அவனுக்கென்று தனிச் சட்டி, தனித் தட்டு, தனிக் கரண்டி. அந்தச் சட்டியை அவளைத் தவிர யாரும் தொடக்கூடாது. அவளே அதில் ஒரு வாய் எடுத்துத் தின்றதில்லை. உப்புப் பார்க்க மட்டும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவாள். லேசாகத் தெரிகிற மட்டும் போடுவாள், அதோடு நிறுத்துவாள். அவளுக்கான கஞ்சி வேறு பானையில். அதுவும் பாதி நாள் இறங்காது. ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குப் பசி என்பதே விட்டுப் போயிருந்தது. பயம் வயிற்றை அடைத்துக்கொண்டிருந்தால் சோற்றுக்கு ஏது இடம்?

தினம் காலையில் அவனை எடை மெஷினில் நிறுத்தி நோட்டில் எழுதுவாள். மூத்திரத்தை அளவு குடுவையில் பிடித்து அதையும் எழுதுவாள். காலை எட்டு, ராத்திரி எட்டு, மாத்திரை. அந்த மாத்திரை உறையைப் பிரித்தால் ஒரு நாற்றம் வீடெல்லாம் அடிக்கும். அவளுக்கு அதுதான் இப்போது உயிரின் வாசனை.

எல்லாம் சரியாக நடந்தது. அவன் மட்டும்தான் சரியில்லை. ஆளே மாறிப் போயிருந்தான். கத்துவதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை. தட்டை வைத்தால் தலையைக் குனிந்துகொண்டு கடைசிப் பருக்கை வரை சாப்பிடுவான்.

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது."

கல்யாணம் ஆன நாளாகக் கேட்காத வார்த்தை. முதல் நாள் கேட்டபோது சந்தோஷப்பட்டாள். பத்தாம் நாள் பயந்தாள். சாகப் போகிறவன்தான் இப்படிச் சாதுவாகப் போவான் என்று அவள் அம்மா சொல்லுவாள்.

டிசம்பர் நடுவில் பரிசோதனைக்குப் போனபோது எடை கூடியிருந்தது, பிரஷரும் கூடியிருந்தது. டாக்டரம்மா ஒரு மாத்திரை சேர்த்தார். "உப்பை இன்னும் கொறைங்கம்மா" என்றார். சவரியம்மாள் வந்து, நாக்குக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவுக்கு இறக்கினாள். எடை இறங்கவில்லை. ஐம்பத்து நாலு, ஐம்பத்து நாலரை, ஐம்பத்தைந்து. நோட்டைத் திறக்கவே கை கூசியது.

கிறிஸ்துமஸ் வந்தது. போன கிறிஸ்துமசுக்கு மறுநாள் காலையில்தான் கடல் உள்ளே வந்தது. அதனால் இந்த வருஷம் யாரும் வெடி வாங்கவில்லை. நட்சத்திர விளக்குகூட ஒன்றிரண்டு வீட்டில்தான் தொங்கியது. இருபத்தாறாம் தேதி மறுபடி கடல் வரும் என்று எவனோ கிளப்பிவிட, சிலர் துணிமணியை மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சவரியம்மாளுக்குக் கடலைப் பற்றிப் பயப்பட நேரமில்லை.

கோவிலில் பூசை முடிந்து குழந்தை இயேசுவின் சிலையான பாலன் சுரூபத்தை முத்தமிட வரிசையில் நிற்பார்கள். மரியதாஸ் சிறு வயதிலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டான். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"ஊரே வாய் வெச்ச எடத்துல நீங்க வாய் வெக்கிறதா? பாலன் கோவிச்சுக்க மாட்டாரு. இருங்க."

பழைய மரியதாஸ் என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பான். இவன் "சரி" என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தான். அவளும் கோவிலுக்குப் போகவில்லை. பண்டிகையாச்சே என்று அவனுக்குக் கோழிக் குழம்பு வைத்தாள். உள்ளங்கையில் மூன்று தடவை சொட்டு விட்டுப் பார்த்தாள். லேசாகத்தான் தெரிந்தது. அவன் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ராசம்மாள் கேக் கொடுக்க வந்தவள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அட, அண்ணன் நல்லாத் தேறிட்டாரே! மூஞ்சி பூசினாப்பல ஆயிடுச்சு. சுத்திப் போடு சவரி, கண்ணு படப்போவுது."

சவரியம்மாள் திரும்பி அவனைப் பார்த்தாள். மாத்திரையால் முகம் உருண்டையாகும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆனால் காலும் அப்படியே இருந்தது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினாள். பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் அப்படியே நின்றது.

மறுநாள் காலையில் எடை ஐம்பத்தாறரை. ஒரே நாளில் ஒன்றரை கிலோ. படுத்தால் மூச்சு இரைக்கிறது என்றான். நாள் முழுக்க ஆகுமே, வெளியே சோறு வாங்கித் தரக்கூடாதே என்று அந்தப் பதற்றத்திலும் தக்காளிச் சோறு கிளறி டிபன் பாக்ஸில் அடைத்தாள். வெறும் வயிற்றோடு வா என்பார்கள், கொண்டு போனால் பிறகாவது சாப்பிடுவான்.

சென்னை பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. வழியெல்லாம் சனம் மெழுகுவர்த்தியும் மாலையுமாகக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் போனவர்களுக்கு இன்றைக்கு வருஷ நினைவு. ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் பஸ் நின்றது. நின்ற ஒவ்வொரு தடவையும் அவள் அவன் நெஞ்சைப் பார்த்தாள், ஏறி இறங்குகிறதா என்று.

அவளுக்கு ஒரு சந்தேகம் முளைத்தது.

"ராசம்மா வூட்டுல எதனா வாங்கித் துன்னீங்களா? கருவாடு, ஊறுகா?"

"இல்ல."

"எனக்குத் தெரியாம?"

"சத்தியமா இல்ல சவரி."

அவள் நம்பவில்லை. ஆனால் மூச்சு வாங்குகிறவனிடம் என்ன சண்டை போடுவது? அவன் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். பிரஷர் நூற்று எண்பது. டாக்டரம்மா முகத்தில் சிரிப்பில்லை.

"உடம்பு கிட்னியைத் தொரத்த ஆரம்பிச்சிருக்கலாம்மா. ரிசல்ட் சாயங்காலம் வரும். சந்தேகம்னா ஊசியை உள்ள விட்டு ஒரு துளி சதை எடுத்துப் பார்க்கணும். அதுவரைக்கும் அவர் ஒண்ணும் சாப்பிடக்கூடாது. உப்பு சாப்பிடறாரா?"

"வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம் டாக்டர். நான்தான் ஆக்கறேன், நான்தான் போடறேன். லேசாத்தான் தெரியும்."

அவனை உள்ளே படுக்க வைத்தார்கள். சவரியம்மாள் வெளியே பெஞ்சில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெபமாலையை எடுத்தாள். 'அருள் நிறைந்த மரியே' பாதியில் நின்று நின்று போயிற்று. என்னுடைய உறுப்பையே அவர் உடம்பு தள்ளுகிறதே, நான் என்ன பாவம் செய்தேன் என்று மனசு அதிலேயே சுற்றியது. தான் கொடுத்தது சொத்தையோ என்றுகூட நினைத்தாள்.

பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வானூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், பெயர் கமலாம்பாள். புருஷனுக்குக் கிட்னி மாற்ற முடியுமா என்று கேட்க வந்திருக்கிறாள். காலை மூன்று மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவள், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்றாள்.

"இந்தா, துன்னு" என்று சவரியம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாள். "எங்க ஊட்டுக்காரருக்குக் கொண்டாந்தது. அவருக்கு இன்னிக்கு இல்லைன்னுட்டாங்க. சுத்தமா ஆக்கினதுதான். பத்தியச் சோறு, சப்புனு இருக்கும். கோவிச்சுக்காதே."

கமலாம்பாள் கூச்சத்தோடு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. எப்படியோ விழுங்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"தப்பா நெனைச்சுக்காதேக்கா." கமலாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "உப்புக்கா. வாயில வெக்க முடியல. ரெண்டு தரம் போட்டுட்டியா?"

சவரியம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊரே மெச்சிய நாக்கைப் பார்த்து வானூர்க்காரி சொல்லுகிறாளா! ஒரு பருக்கை எடுத்துத் தன் நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். லேசாக, ரொம்ப லேசாகத்தான் தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது எதிரே கமலாம்பாள் மடக் மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லுகிறவள் அப்படிக் குடிக்க மாட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முப்பத்தோரு வருஷம். வருகிற வேர்வையில் போகிற உப்பை ஈடுகட்டக் கூழில் கைநிறைய உப்புப் போட்டுக் குடித்தவள். கடல் தண்ணீர் காய்ந்து கல்லாகப் போகிற நேரத்துக் கசப்பையே தினம் ருசி பார்த்தவள். ஆபரேஷனுக்கு அப்புறம் பசியோடு சேர்ந்து மிச்சமிருந்த ருசியும் போயிருக்கிறது. அவள் நாக்குக்கு 'லேசு' என்றால் மற்றவர்களுக்கு அது விஷம். மாதா மேல் சத்தியம் வைத்துவிட்டுத் தானே தன் கையால், அளந்து அளந்து, ஒரு மாதமாக அவனுக்கு ஊட்டியிருக்கிறாள். யாரும் தொடக்கூடாது என்று சட்டியைக் காவல் காத்ததால் வேறு ஒரு வாய்கூட அதில் படவில்லை.

டிபன் பாக்ஸோடு ஓடினாள். டாக்டரம்மாவின் அறை வாசலில் நர்ஸ் தடுத்தும் நிற்கவில்லை.

"நான்தாங்க கொன்னுட்டேன். இதைத் துன்னு பாருங்க. என் நாக்கு செத்த நாக்குங்க."

டாக்டரம்மா ஒரு பருக்கை எடுத்து வைத்தார். முகத்தைச் சுளித்தார். டிபன் பாக்ஸை மூடி வைத்தார். "ரிசல்ட் வரட்டும். உட்காருங்க" என்றார்.

அந்த மூன்று மணி நேரத்தை அவள் எப்படித் தள்ளினாள் என்று கேட்காதீர்கள். கமலாம்பாள் போகும்போது கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனது மட்டும்தான் நினைவிருந்தது. ஐந்து மணிக்குக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க கிட்னி நல்லா இருக்குதும்மா. உடம்பு தொரத்தல. உப்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கு, அதான் வீக்கம், அதான் பிரஷர். தண்ணி இறங்க மருந்து தர்றேன். ஊசி வேண்டாம். ஆனா இன்னும் பத்து நாள் இப்படியே போயிருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."

சவரியம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் ஒரு மருந்து பாட்டில் மூடியில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தாள். ஒரு நாளைக்கு அந்தக் கோடு வரை உப்பு, அவ்வளவுதான். "நாக்கால பார்க்கவே கூடாது, புரியுதா?" என்றாள்.

மறுநாள் வீக்கம் பாதி வடிந்து அவன் தலையணையில் சாய்ந்திருந்தபோதுதான் அவள் கேட்டாள்.

"உங்களுக்குமா தெரியல? ஒரு கல் கூடினாலே தட்டைத் தூக்கி அடிப்பீங்களே!"

அவன் கூரையைப் பார்த்தான்.

"தெரிஞ்சுது. முதல்ல மாத்திரையால வாய் கெட்டுப் போச்சோன்னு நெனைச்சேன். உன் நாக்கு தப்பாதில்ல?"

"அப்புறம்?"

"அப்புறமும் கரிச்சுது."

"அப்போ வாயைத் தொறந்து சொல்றதுதானே!"

அவன் போர்வையை வயிற்றுத் தழும்பின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு சொன்னான். "வயித்தைக் கீறி எடுத்துக் குடுத்தவ நீ. உன் குழம்புல உப்பு ஜாஸ்தின்னு எந்த வாயால சவரி சொல்றது?"

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைக்கட்டும், அதற்காக வாயை மூடிக்கொண்டா சாவது? அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்திவிட்டாள். "உன்னை ஊமையாக்கவா குடுத்தேன்? நீ பேசாம செத்திருந்தா அந்தப் பாவம் ஆருக்கு?" நீங்க என்பதுகூட நீ ஆகிப் போனது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

புது வருஷத்துக்கு முந்தின நாள் ஊருக்கு வந்தார்கள். ஜனவரி ஒன்றாம் தேதி மூடியின் கோட்டுக்கு உப்பளந்து, அதில் மதியப் பங்கைப் பிரித்துக் குழம்பில் போட்டாள். கை தானாக உள்ளங்கையில் சொட்டு விடப் போனது. கரண்டியைக் கீழே வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ருசி பார்க்காமல் ஒரு குழம்பை இறக்கினாள். சரியாக இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே தட்டை வைத்தாள். இனிமேல் சாகும்வரை இப்படித்தான், அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

அவன் ஒரு வாய் வைத்தான். மென்றான். தலையைக் குனிந்துகொண்டான்.

"எப்படி இருக்குது?"

"நல்லா..."

"நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க, இந்தக் கரண்டியாலயே போடுவேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒரு கணம் யோசித்தான். பிறகு தட்டைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினான். அது தரையில் வழுக்கிக்கொண்டு வாசற்படி வரை போய் நின்றது.

"இன்னாடி இது? மாட்டுக்குக் கலந்த தவிடா? மனுசன் துன்னுவானா இதை?"

பக்கத்து வீட்டில் ராசம்மாள் ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது.

சவரியம்மாள் எழுந்து போய்த் தட்டை எடுத்துவந்து மறுபடி அவன் முன்னால் வைத்தாள். அவன் திட்டிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டான். எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு வயிற்றில் என்னவோ கிள்ளியது. என்னவென்று முதலில் புரியவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.